பார்கோட் ஸ்கானரும் ஸ்ரிக்கர் பிரிண்டரும்: சின்னக் கடைக்கு வாங்கலாமா?

முதலே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஸ்கானரை யோசிக்காமல் வாங்கலாம். பிரிண்டரைச் சில விசயம் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். அதோடு சேர்த்துத் தலையில் கட்டுகிற 38 மில்லிமீற்றர் ஸ்ரிக்கர் றோலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த றோல் ஏன் வேண்டாம் என்பதை விளங்கப்படுத்த வேண்டுமென்றால் பார்கோட்டுக்குள் இலக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அதனால் இது கொஞ்சம் நீளும்.

எங்களுடையது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. சாமானில் பாதி கொழும்பிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பெட்டியாக வருகிற சவர்க்காரம், பிஸ்கட், பால்மா வகை. அதற்கெல்லாம் கம்பனியே பார்கோட் அடித்து அனுப்புகிறது. மற்றப் பாதி எங்கள் ஊர்ச் சாமான்: ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், மோர்மிளகாய், வடகம். இவை வீடுகளில் செய்து கொண்டுவந்து தருகிறவை, பொலித்தீன் பையில் ஒரு துண்டுக் கடதாசி கூட இருக்காது. இவற்றுக்கு நாங்களேதான் ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டும். அதற்காகக் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் எடுத்த செட் இது: கம்பியுள்ள கைஸ்கானர் ஒன்று, 203 டிபிஐ (அதாவது ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி அடிக்கிற) லேபல் பிரிண்டர் ஒன்று, ஸ்ரிக்கர் றோல்கள். பெயரைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, ஒரே மெசின் பத்துப் பெயரில் வருகிறது. விலையும் டொலரோடு ஏறி இறங்குவதால் எழுதவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது பெயரையோ விலையையோ அல்ல, பெட்டியில் எழுதியிருக்கிற எண்களை.

ஸ்கானரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யூஎஸ்பியில் செருகினால் போதும், கொம்பியூட்டர் அதை ஒரு கீபோர்ட் என்றே எடுத்துக்கொள்ளும். கோட்டை வாசித்து 13 இலக்கத்தையும் தட்டச்சுச் செய்து கடைசியில் என்டரையும் தானே தட்டிவிடும், தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. சத்தத்தைக் குறைப்பது, என்டரை நிறுத்துவது எல்லாமே அதோடு வருகிற சின்னப் புத்தகத்தில் பார்கோட்டாகவே இருக்கின்றன, வேண்டியதைச் சுட்டால் அமைப்பு மாறிவிடும். புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள், லாச்சிக்குள்ளேயே வையுங்கள். வேகம் பிரமாதம். கோவில் திருவிழாக் காலத்தில் கடைக்குள் சனம் நிற்க இடமில்லாமல் நிற்கிறபோதும் பில் போடுகிற இடத்தில் வரிசை முன்போல் தேங்குவதில்லை.

பெரிய கோடுகள் எல்லாம் ஏன் அவ்வளவு உயரமாக இருக்கின்றன என்று யோசித்திருப்பீர்கள். உயரத்தில் எந்தத் தகவலும் இல்லை. இடமிருந்து வலமாக ஒரே ஒரு மெல்லிய வரி முழுதாகக் கிடைத்தால் ஸ்கானருக்குப் போதும். பொலித்தீன் மேலே சுருங்கியிருந்தால் கீழே வாசிக்கும், கீழே அழுக்கென்றால் நடுவில் வாசிக்கும். உயரம் என்பது எத்தனை தடவை முயற்சி செய்யலாம் என்கிற வாய்ப்பு, அவ்வளவுதான். ஸ்ரிக்கரில் இடம் மிச்சம்பிடிக்கிறோம் என்று கோட்டை விரற்கடையளவு உயரத்துக்குக் குறைத்தால் அந்த வாய்ப்பைத்தான் வெட்டி எறிகிறீர்கள்.

ஸ்கானர் வந்த புதிதில் வாடிக்கையாக வருகிற அம்மா ஒருவர் கேட்டார்: "தம்பி, விலையும் உந்தக் கோட்டுக்குள்ளயோ கிடக்கு?" இதே கேள்வி படித்தவர்களிடமும் இருக்கிறது, கடை வைத்திருப்பவர்களிடமும் இருக்கிறது. இல்லை. கோட்டுக்குள் விலை இல்லை, சாமானின் பெயர் இல்லை, காலாவதித் திகதி இல்லை. இருப்பது வெறும் 13 இலக்கம். அந்த இலக்கம் வந்ததும் உங்கள் கொம்பியூட்டர் தன் பட்டியலில் தேடி "ஒடியல் மா, 500 கிராம், இவ்வளவு ரூபா" என்று எடுத்துப் போடுகிறது. பட்டியலில் விலையைப் பிழையாகப் போட்டிருந்தால் எவ்வளவு நல்ல ஸ்கானரும் பிழையான விலையைத்தான் கொண்டுவரும்.

இதனால் பில் மென்பொருள் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். 2022 இல் விலைகள் தாறுமாறாக ஏறிய காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே சவர்க்காரம், ஒரே பார்கோட், ஆனால் பழைய பெட்டியில் ஒரு அதிகபட்ச சில்லறை விலை, புதிய பெட்டியில் இன்னொன்று. கோடு இரண்டையும் பிரித்துச் சொல்லாது, சொல்ல அதற்குள் இடமும் இல்லை. ஒரே இலக்கத்துக்கு இரண்டு விலை வைத்து, சுடும்போது எது என்று கேட்கக்கூடிய மென்பொருளாகப் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய சரக்கைப் புது விலைக்கு விற்ற பழி உங்கள் தலையில் விழும்.

சரி, கோட்டுக்கு வருவோம். கையில் ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

கோட்டின் மிக மெல்லிய அகலத்தை ஒரு அலகு என்று வைத்துக்கொள்வோம். பார்கோட் முழுவதும் 95 அலகு. இடது ஓரத்தில் கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 3 அலகில் ஒரு காவல் குறி, வலது ஓரத்திலும் அதேபோல் ஒன்று, நடுவில் 5 அலகில் ஒன்று. இந்தக் காவல் கோடுகள்தான் மற்றக் கோடுகளைவிடக் கொஞ்சம் கீழே நீண்டு தெரியும். மிச்சம் 84 அலகு. அதில் இடப்பக்கம் 6 இலக்கம், வலப்பக்கம் 6 இலக்கம், ஒவ்வொரு இலக்கத்துக்கும் 7 அலகு. ஒவ்வொரு இலக்கமும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை, கூட்டினால் எப்போதும் 7. உதாரணத்துக்கு இடப்பக்கத்துப் பூச்சியம்: வெள்ளை 3, கறுப்பு 2, வெள்ளை 1, கறுப்பு 1. வலப்பக்கத்துப் பூச்சியம் அதன் நேர்மாறு, அதாவது கறுப்பு 3, வெள்ளை 2, கறுப்பு 1, வெள்ளை 1. எங்கே கறுப்போ அங்கே வெள்ளை.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 7 அலகை நான்கு துண்டாக, ஒவ்வொரு துண்டும் குறைந்தது ஓர் அலகாக, எத்தனை விதமாக உடைக்கலாம்? சரியாக 20 விதம். அதில் 10 விதத்தில் கறுப்பு அலகுகளின் கூட்டுத்தொகை ஒற்றை எண், மற்ற 10 இல் இரட்டை எண். இலக்கங்களும் பத்து. ஆக இடப்பக்கத்தில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒற்றை உருவம் ஒன்று, இரட்டை உருவம் ஒன்று என்று இரண்டு வைத்தால் இருபதும் ஒன்றுகூட மிஞ்சாமல் பயன்பட்டுவிடுகிறது.

இரண்டு உருவம் எதற்கு? அமெரிக்காவில் ஐபிஎம் கம்பனியின் ஜோர்ஜ் லோரர் வடிவமைத்து 1973 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட முதற் கோட்டில் 12 இலக்கம்தான். 1974 ஜூன் 26 ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்தில் ட்ரோய் என்ற ஊரின் மார்ஷ் கடையில் ஒரு ரிக்லி சூயிங்கம் பெட்டியைத்தான் முதன்முதல் சுட்டார்கள். பிறகு ஐரோப்பாவுக்கு 13 இலக்கம் தேவைப்பட்டது. கோட்டை நீட்டினால் இருக்கிற பழைய முறையோடு பொருந்தாது. அதனால் முன்னால் புதிதாகச் சேர்த்த இலக்கத்துக்குக் கோடே போடாமல், இடப்பக்கத்து ஆறு இலக்கங்களில் எது ஒற்றை உருவம், எது இரட்டை உருவம் என்கிற ஒழுங்குக்குள் அதை ஒளித்து வைத்தார்கள். உங்கள் கையிலிருக்கும் பெட்டியில் முதல் இலக்கம் மட்டும் கோடுகளுக்கு வெளியே இடப்பக்கம் தனியாக நிற்பதைப் பாருங்கள். அதற்குக் கீழே நிற்க அதற்கென்று கோடு இல்லை, அதனால்தான்.

இலங்கைக்குக் கொடுத்த தொடக்க எண் 479. முதல் இலக்கம் 4 என்றால் இடப்பக்க ஒழுங்கு ஒற்றை, இரட்டை, ஒற்றை, ஒற்றை, இரட்டை, இரட்டை. ஆகவே 7 எப்போதும் ஒற்றை உருவத்தில், 9 எப்போதும் இரட்டை உருவத்தில். இதன் விளைவைக் கண்ணாலேயே காணலாம். 479 இல் தொடங்குகிற எந்தப் பெட்டியை எடுத்தாலும், காவல் கோடு இரண்டும் முடிந்து ஓர் அலகு வெள்ளை விட்டு, 3 அலகில் ஒரு தடித்த கறுப்பு, பிறகு 2 அலகில் ஒன்று, பிறகு ஒரு மெல்லிய கோடு, பிறகு மறுபடியும் 3 அலகில் தடிப்பு. சவர்க்காரம், தேயிலை, நெருப்புப்பெட்டி எதுவானாலும் இடது ஓரம் ஒரே முகம். இந்தியாவின் 890 அப்படியல்ல. காவல் கோடு முடிந்ததும் 3 அலகில் அகலமான வெள்ளை, பிறகு மெல்லிய கறுப்பு. எங்கள் கடைத் தட்டில் இரண்டும் கலந்துதான் கிடக்கும், இப்போது இலக்கத்தை வாசிக்காமலே வெள்ளை இடைவெளியைப் பார்த்து எது எது என்று சொல்லிவிடலாம். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 479 என்றால் இலங்கையில் செய்த சாமான் என்று அர்த்தமில்லை, அந்த இலக்கத்தை, பார்கோட் இலக்கங்களை உலகம் முழுவதும் நிர்வகிக்கிற ஜிஎஸ்1 அமைப்பின் இலங்கைக் கிளை வழங்கியிருக்கிறது என்பது மட்டுமே. வெளியிலிருந்து இறக்கி இங்கே பொதி செய்கிறவரும் 479 போடலாம். தொடக்க எண்ணைப் பார்த்து உள்ளூர்ப் பொருள் என்று நம்பி வாங்குகிறவர்கள் பையின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் வாசியுங்கள்.

ஒற்றை இரட்டையால் இன்னொரு நன்மை. வலப்பக்க இலக்கங்கள் ஆறும் எப்போதும் இரட்டை. இடப்பக்கத்தின் முதலாவது எப்போதும் ஒற்றை. ஆகவே பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் ஸ்கானருக்கு முதலில் இரட்டை வரும், உடனே பின்பக்கமாக வாசிக்கிறோம் என்று அறிந்து திருப்பிப் போட்டுக்கொள்ளும். பில் போடுகிற பிள்ளை பெட்டியை நேராகப் பிடிக்க மினக்கெட வேண்டாம்.

கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. எங்கள் ஒடியல் மாவுக்கு வைத்திருக்கிற மாதிரி ஓர் இலக்கத்தைப் போட்டுப் பார்ப்போம்: 200000000125. இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை 1 ஆலும் 3 ஆலும் மாறி மாறிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். 2 ஒரு தடவை, அது 2. 1 மூன்று தடவை, 3. 2 ஒரு தடவை, 2. 5 மூன்று தடவை, 15. பூச்சியங்கள் பூச்சியமே. மொத்தம் 22. அடுத்த பத்தின் மடங்கு 30, அதற்கு 8 வேண்டும். ஆகவே முழு இலக்கம் 2000000001258. ஸ்ரிக்கர் கிழிந்து கையால் தட்டுகிறபோது எந்த ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்தாலும் கணக்கு உதைக்கும். பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் மட்டும், 1 உம் 6 உம் போல, தப்பிவிடும். இந்தக் கணக்கைப் பிரிண்டரோடு வருகிற மென்பொருள் தானே போட்டுவிடும், 12 இலக்கம் கொடுத்தால் போதும்.

இனிப் பிரிண்டர். இந்தச் செட்டில் கவனம் வேண்டியது இதற்குத்தான்.

பார்கோட்டின் பெயரளவு அலகு 0.33 மில்லிமீற்றர். இதை 80 வீதம் வரை சுருக்கலாம், 200 வீதம் வரை பெருப்பிக்கலாம். 203 டிபிஐ பிரிண்டர் ஒரு மில்லிமீற்றருக்கு 8 புள்ளி போடும், ஒரு புள்ளி 0.125 மில்லிமீற்றர். 0.33 ஐ 0.125 ஆல் வகுத்துப் பாருங்கள், 2.64 புள்ளி. பிரிண்டருக்குப் புள்ளியை அரைவாசியாக்கத் தெரியாது, ஒன்றில் 2, அல்லது 3. கோட்டைப் படமாக எடுத்து ஸ்ரிக்கருக்கு அளவாக இழுத்துப் பெருப்பித்துச் சிறுப்பித்து அடித்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஓர் அலகுக் கோடு சில இடத்தில் 2 புள்ளி, சில இடத்தில் 3 புள்ளி என்று விழும். ஸ்கானர் பார்ப்பதெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்ட அகலம்தான், அதற்கு மில்லிமீற்றர் கணக்குத் தெரியாது. கிட்டப் பிடித்தாலும் எட்டப் பிடித்தாலும் வாசிப்பது அதனால்தான். அந்த ஒப்பீட்டையே பிரிண்டர் குழப்பிவிட்டால் கண்ணுக்கு அச்சொட்டான கோடாகத் தெரிகிற ஸ்ரிக்கர் ஸ்கானருக்கு வெறும் கிறுக்கல்.

சரியான வழி, மென்பொருளில் பார்கோட் என்ற கருவியாலேயே கோட்டை வைத்து, மெல்லிய கோட்டின் அகலம் 3 புள்ளி என்று கொடுப்பது. அப்போது அலகு 0.375 மில்லிமீற்றர், பெயரளவைவிடக் கொஞ்சம் பெரிது, அனுமதிக்குள் தாராளமாக அடங்கும். எல்லாக் கோடும் புள்ளிக்குப் புள்ளி சரியாக விழும். இப்போது அகலத்தைக் கூட்டுங்கள்: 95 அலகு, கிட்டத்தட்ட 35.6 மில்லிமீற்றர். கோட்டின் இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை விட வேண்டும், இடப்பக்கம் 11 அலகு, வலப்பக்கம் 7 அலகு. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை ஸ்கானர் அறிவது அந்த வெள்ளையால். அதையும் சேர்த்தால் 42.4 மில்லிமீற்றர்.

செட்டோடு தந்த றோல் 38 மில்லிமீற்றர்.

எழுத்தை அடிக்க, விலை ஒட்ட 38 நல்ல அளவு. 13 இலக்கக் கோட்டுக்கு அது காணாது. 2 புள்ளியில் அடித்தால் ஏறத்தாழ 28 மில்லிமீற்றரில் அடங்கும், ஆனால் அலகு 0.25 ஆகிவிடும், அது 80 வீத எல்லைக்கும் கீழே. எங்கள் ஸ்கானர் அதைக் கிட்டப் பிடித்தால் வாசிக்கிறது, பையில் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தால் மூன்று நான்கு தரம் சுட வேண்டியிருக்கிறது. உங்கள் சாமானை நாளைக்கு இன்னொரு கடைக்குப் போடுவதாக இருந்தால் அவர்களுடைய ஸ்கானரும் இப்படிப் பொறுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விற்றவரிடம் போய்க் கேட்டபோது "அண்ணை, எல்லாக் கடைக்கும் உதைத்தான் குடுக்கிறனாங்கள்" என்றார். எல்லாக் கடையிலும் ஸ்ரிக்கர் ஒழுங்காக வேலை செய்யாமல் இலக்கத்தைக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். 50 க்கு 25 மில்லிமீற்றர் றோலாகக் கேட்டு வாங்குங்கள், 3 புள்ளியில் அடியுங்கள், முதல் தரத்திலேயே சத்தம் வரும். 300 டிபிஐ பிரிண்டர் எடுக்கக் காசு இருக்கிறதென்றால் அதில் 4 புள்ளி ஏறத்தாழ 0.34 மில்லிமீற்றர், பெயரளவோடு பொருந்தி நிற்கும், ஆனால் அதற்கும் ஓர வெள்ளையோடு 38 பற்றாது. விலை வித்தியாசத்தைப் பார்த்தால் எங்கள் போன்ற கடைக்கு 203 உம் 50 மில்லிமீற்றர் றோலும் தாராளம்.

கறுப்பைக் கூட்டுகிற அமைப்பு ஒன்று இருக்கிறது. கூடக் கறுப்பு கூட நல்லது என்று நினைத்து அதை உச்சத்தில் விடாதீர்கள். சூடு கூடக் கூட ஒவ்வொரு கறுப்பும் இரண்டு பக்கமும் ஊதும். இடப்பக்கத்தில் 1 என்பது வெள்ளை 2, கறுப்பு 2, வெள்ளை 2, கறுப்பு 1. 7 என்பது வெள்ளை 1, கறுப்பு 3, வெள்ளை 1, கறுப்பு 2. அதாவது 1 இன் கறுப்புகள் ஓர் அலகு ஊதினால் 7. இதேபோல் 2 ஊதினால் 8. இந்த இரண்டு சோடிகளிலும் கறுப்பும் அடுத்த வெள்ளையும் சேர்ந்த அகலம் ஒன்றேதான், கறுப்பின் தடிப்பை மட்டும் வைத்துத்தான் பிரிக்க முடியும். ஓர் அலகு முழுதாக ஊதும் அளவுக்குப் போகாது என்றாலும், பாதி ஊதினாலே ஸ்கானர் திணறத் தொடங்கிவிடும். பிழையாக வாசித்தாலும் சரிபார்ப்பு இலக்கம் காப்பாற்றும் என்பது உண்மை, ஆனால் வாசிக்காமலே நிற்பது வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தொல்லை. நடுத்தரத்தில் விட்டு, மெல்லிய வெள்ளைகள் அடைபடாமல் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

இந்தப் பிரிண்டர் மை இல்லாதது, சூட்டில் கறுக்கிற கடதாசியில் அடிக்கிறது. செலவு குறைவு, மினக்கேடு இல்லை. ஆனால் எங்கள் வெயிலுக்கு அது பெரிய பலவீனம். வாசல் பக்கத் தட்டில் பின்னேர வெயில் படுகிற பைகளில் எழுத்து மங்கிவிடுகிறது. எண்ணெய் பட்டாலும் கெடும், முறுக்குப் பையிலும் நல்லெண்ணெய்ப் போத்தலிலும் இது தவிர்க்க முடியாத தொல்லை. கெதியில் விற்றுப்போகிற மாவுக்கும் தூளுக்கும் இது போதும். மாதக்கணக்கில் தட்டில் நிற்கிற சாமானுக்கு ரிபன் போட்டு அடிக்கிற வகைப் பிரிண்டர்தான் சரி. அது இரண்டு விதமாகவும் அடிக்கும், வாங்க முடிந்தவர்கள் முதலிலேயே அதை எடுங்கள். இன்னொன்று, அடிக்கிற தலையில் தூசி ஒட்டினால் ஸ்ரிக்கர் ஓடுகிற திசையில் ஒரு மெல்லிய வெள்ளைக் கீறு விழும். அது ஒரு கறுப்புக் கோட்டுக்கு நடுவில் விழுந்தால் ஒரு கோடு இரண்டாகிவிடும், அந்த றோல் முழுக்க ஒரு ஸ்ரிக்கரும் வாசிக்காது. மிளகாய்த்தூள் பறக்கிற கடையில் இது அடிக்கடி வரும். பிரிண்டரை நிறுத்தி ஆறவிட்டு, ஐசோபுறொபைல் அற்ககோலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் சரி.

ஒட்டுகிற விதமும் முக்கியம். போத்தலில் கோடுகள் நெட்டுக்கு நிற்கிற மாதிரி ஒட்டினால் ஓரக் கோடுகள் வளைவில் அந்தப் பக்கம் போய் ஒடுங்கித் தெரியும், அகல ஒப்பீடு குழம்பும். ஸ்ரிக்கரைப் பக்கவாட்டாகத் திருப்பி, கோடுகள் ஏணிப்படி மாதிரிப் படுக்கையாக வரும்படி ஒட்டுங்கள், எவ்வளவு சின்னப் போத்தலும் வாசிக்கும். பனங்கட்டிக் குட்டான் வேறு கதை. ஓலைப் பின்னலில் ஸ்ரிக்கர் ஒட்டவே ஒட்டாது, ஒட்டினாலும் மேடு பள்ளத்தில் கோடு நெளியும். மட்டையில் சின்னத் துண்டு வெட்டி, அதில் ஸ்ரிக்கரை ஒட்டி, துளையிட்டு நூலால் கட்டித் தொங்கவிடுகிறோம். வாங்குகிறவர்களுக்கும் அது வடிவாக இருக்கிறது, குட்டானின் ஓலையும் மறைபடவில்லை.

ஸ்கானரைக் குறை சொல்வதற்கு முன் கோட்டின் நிறத்தையும் பாருங்கள். மிளகாய்த்தூள் செய்கிற ஒருவர் ஆசையாகப் பை அச்சடித்துக் கொண்டுவந்தார், பெயர், படம், பார்கோட் எல்லாமே ஒரே சிவப்பு மையில், வெள்ளைப் பின்னணியில். பார்க்க அழகு. ஆனால் கடை ஸ்கானர்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளி விடுகிறவை. சிவப்பு ஒளியில் சிவப்பு மை வெள்ளைபோலத் திருப்பி அனுப்பும், ஸ்கானருக்கு அங்கே கோடே இல்லை. அந்த மனுசன் பாவம், அச்சகத்தில் ஒருவரும் சொல்லவில்லை, பை முழுவதும் அடித்தாகிவிட்டது. கறுப்பு, கடும் நீலம், கடும் பச்சை கோட்டுக்கு நல்லது. பின்னணி வெள்ளை, மஞ்சள், ஏன் சிவப்பே ஆனாலும் பரவாயில்லை. பை அச்சடிக்கக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து இதை அச்சகத்தில் சொல்லிவிட்டுக் கொடுங்கள், இது வீட்டில் இருந்து தொழில் செய்கிறவர்களின் காசு.

எந்த இலக்கத்தைப் போடுவது என்ற கேள்வியும் வரும். உங்கள் கடைக்குள் மட்டும் விற்கிற சாமானுக்கு 20 தொடக்கம் 29 வரை ஆரம்பிக்கிற இலக்கங்களைப் போடலாம், அவை கடையின் உள்பாவனைக்கென்றே ஒதுக்கியவை, எந்தக் கம்பனியின் இலக்கத்தோடும் மோதாது. பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் நிறுத்து ஒட்டுகிற மரக்கறி ஸ்ரிக்கரும் பெரும்பாலும் 2 இல்தான் தொடங்கும், அதில் மட்டும் நிறையையோ விலையையோ இலக்கத்துக்குள்ளேயே வைப்பார்கள். ஆனால் 479 என்று நீங்களாக ஓர் இலக்கத்தை உருவாக்கிப் போடாதீர்கள். அது வேறு யாருக்கோ கொடுத்த இலக்கமாக இருக்கலாம், உங்கள் ஒடியல் மாவைச் சுட்டால் வேறொரு கடையில் யாரோவுடைய சவர்க்காரம் பில்லில் விழும். கொழும்புக் கடைகளுக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புகிற எண்ணம் இருந்தால் ஜிஎஸ்1 இடம் முறையாகப் பதிந்து எடுங்கள்.

சாமான் பட்டியலை எக்ஸலில் போட்டு ஏற்றுகிறவர்கள் இலக்க நிரலை எழுத்து வடிவமாக மாற்றிவிட்டுச் சுடுங்கள். மாற்றாவிட்டால் 13 இலக்கத்தைச் சுருக்கி அடுக்குக்குறியாகக் காட்டும், பூச்சியத்தில் தொடங்குகிற அமெரிக்கக் கோடுகளின் முதற் பூச்சியத்தையும் தின்றுவிடும்.

ஸ்கானரில் கொஞ்சம் கூடக் காசு போட முடியுமென்றால் சதுரக் குறிகளையும் வாசிக்கிற வகையை எடுங்கள். 2027 முடிவதற்குள் கடை ஸ்கானர்கள் கோடுகளோடு கியூஆர் போன்றவற்றையும் வாசிக்க வேண்டும் என்பது ஜிஎஸ்1 இன் இலக்கு. காலாவதித் திகதியைக்கூட அதற்குள் வைக்கலாம், பால்மாவும் யோகட்டும் விற்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. போன் திரையில் காட்டுகிற குறியையும் அந்த வகை வாசிக்கும், லேசர் வகை பெரும்பாலும் வாசிக்காது.

காசு கொடுப்பதற்கு முன் உங்கள் கடையிலிருந்தே ஒரு பை கொண்டுபோங்கள். அதில் ஒரு சுருங்கிய நூடில்ஸ் பை, ஒரு சின்னப் போத்தல், ஒரு 479, ஒரு 890. நான்கையும் அவர்களுடைய மேசையிலேயே சுட்டுப் பாருங்கள். பிறகு பிரிண்டரில் 50 மில்லிமீற்றர் ஸ்ரிக்கரில் 3 புள்ளியில் ஒரு கோட்டை அடிக்கச் சொல்லி அதே ஸ்கானரால் வாசியுங்கள். அடித்துக் காட்ட மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.